ஆறு ஓசியில் கொண்டுபோன மண்ணை நான் லாரியில் விற்கிறேன்: கல்லடையாற்று சார்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆற்றைப் பார்க்கும் சார்மார்களுக்கும், அணையைப் பார்க்கும் சார்மார்களுக்கும், தீவைப் பார்க்கும் சார்மார்களுக்கும்,

வணக்கம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அணைக்கு ஒரு ஆபீஸ், ஆற்று மணலுக்கு ஒரு ஆபீஸ், தண்ணீர் ஏறிய வீட்டுக்கு நிவாரணம் எழுத ஒரு ஆபீஸ், டூரிஸ்ட்டைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்ட இன்னொரு ஆபீஸ். ஆறு மட்டும் ஒன்றுதான், கல்லடையாறு. அது மண் கொண்டுவந்து உண்டாக்கிய ஒரு தீவு இப்போது தண்ணீருக்குள் தாழ்கிறது, அதைப் பற்றித்தான் இந்த மடல். தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போவதில்லை, கேரளத்துத் தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று உங்கள் ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. மலையாளம் நன்றாகவே பேசுவேன், பஸ் போர்டு அளவுக்கு வாசிப்பேன். மனசில் கிடப்பதை எழுத வேண்டும் என்றால் தமிழ்தான் வருகிறது.

என் ஊர் கொல்லம் மாவட்டத்து மலையோரம் இருக்கிற குளத்துப்புழை. சிலோன்காரர் குடும்பம். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தால் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாத்தா, பாட்டி, அப்பா எல்லோரும் கப்பலேறி, மண்டபம் முகாமில் பேர் பதிந்து, கடைசியில் இந்த மலைக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976-இல் ஒரு கம்பெனி தொடங்கின. புனலூரில் ஆபீஸ், குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் தோட்டம். அம்மா முப்பது வருஷம் பால் வெட்டினாள். எனக்கு அந்த விடியற்கால வேலை பிடிக்கவில்லை, பத்தாவதோடு வண்டிக்குப் போய்விட்டேன், கிளீனராகச் சேர்ந்து டிரைவராகி இருபத்தெட்டு வருஷமாக டிப்பர் ஓட்டுகிறேன். வீட்டுக்காரிக்குச் செங்கோட்டைக்குப் பக்கத்தில் புளியரை. 1956 நவம்பர் 1 வரைக்கும் அவள் ஊரும் திருவிதாங்கூர்தான், அதற்கப்புறம்தான் மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம் என்று ஆனது.

எங்கள் வீட்டில் தீவு என்றால் சிலோன். "தீவுல இருக்கறப்போ" என்றுதான் பாட்டி எந்தக் கதையையும் ஆரம்பிப்பாள். நான் இப்போது பேச வந்தது வேறு தீவைப் பற்றி, எங்கள் மலையின் மண்ணாலேயே ஆன தீவு. கொல்லம் நகரத்துக்கு வடக்கே, எங்கள் கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் போய் விழும் இடத்தில் இருக்கிற மன்றோ துருத்து.

துருத்து என்றால் மலையாளம் என்று நினைத்துக்கொண்டு தமிழ் ஆட்கள் அர்த்தம் கேட்பார்கள். அது நம் துருத்திதான். ஆற்றுக்கு நடுவில் மண் சேர்ந்து மேடானால் அதற்குப் பழைய தமிழில் துருத்தி என்று பேர், தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பூந்துருத்தி இருக்கிறது, மாயவரத்துக்குப் பக்கத்தில் குத்தாலத்துக்குத் தேவாரத்தில் பேரே திருத்துருத்தி. நாம் வார்த்தையைக் கோயில் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டு மறந்துவிட்டோம், மலையாளிகள் அன்றாடப் பேச்சில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரிலேயே விஷயம் இருப்பதால்தான் சொல்கிறேன். கடல் நடுவே பாறை நிமிர்ந்து நிற்கிற தீவு வேறு, அது தன் காலிலேயே நிற்கும். துருத்தி அப்படி இல்லை. ஆறு மண் கொண்டுவந்து போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை.

எங்கிருந்து வந்த மண் என்று வரைபடம் இல்லாமலே நான் சொல்வேன், அந்த வழி முழுக்க வண்டி ஓட்டியவன். குளத்துப்புழை ஆறு, செந்துருணி ஆறு, கழுதுருட்டி ஆறு, இந்த மூன்றும் தென்மலைக்குப் பக்கம் பரப்பாற்றில் ஒன்றாகின்றன. அங்கிருந்து புனலூர்த் தொங்குபாலத்துக்கு அடியில் ஓடி (1877-இல் கட்டி முடித்த பாலம், இப்போது வண்டி போவதில்லை, போட்டோ எடுக்கத்தான் போகிறார்கள்), பத்தனாபுரம், குன்னத்தூர் வழியாக இறங்கி, மொத்தம் 121 கிலோமீட்டர் ஓடிக் காயலில் சேர்கிறது. மலையில் இறங்கும்போது ஆற்றுக்கு வேகம் அதிகம், மண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடும். காயலுக்கு வந்ததும் வேகம் செத்துப்போகும், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடும். கனமான மணல் முதலில், மெல்லிய சேறு அப்புறம். மழைக்கு மழை, வெள்ளத்துக்கு வெள்ளம், இப்படி விழுந்து விழுந்து மேடானதுதான் எட்டுப் பத்துத் திட்டுகள் சேர்ந்த இந்த ஊர். பதின்மூன்று சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மலையாளத்தில் அந்தச் சேற்றுக்கு எக்கல் என்று பேர், நாம் வண்டல் என்போம், புளியரையில் என் மாமனார் கரம்பை என்பார். 'எக்கல் வந்தால் உரம் வேண்டாம்' என்று துருத்துக் கிழவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தென்னையும் நெல்லும் அந்த எக்கலில் விளைந்தவை, தேங்காய் மட்டையைக் காயலில் ஊறப்போட்டுக் கயிறு திரித்ததும் அந்தத் தென்னையை நம்பித்தான்.

மன்றோ என்ற பேர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இதை மூன்று தடவை விளக்கியாகிவிட்டது. சென்னையில் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் தாமஸ் மன்றோ, மெட்ராஸ் கவர்னர். இவர் ஜான் மன்றோ, வேறு ஆள், திருவிதாங்கூரில் 1810 முதல் 1819 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட்டாக, அதாவது அரசவையில் கம்பெனியின் ஆளாக இருந்தவர், நடுவில் 1811 முதல் 1814 வரை திவானும் அவரே. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தாமஸ் மன்றோ சிலை இருப்பதும் தீவுத்திடலில்தான். கூவத்துக்கு நடுவில் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற தீவு அது. இன்றைக்கு அங்கே நிற்கிற யாரையாவது தீவு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பொருட்காட்சிக்கு டிக்கெட் எங்கே வாங்குவது என்று வழி சொல்வார்கள். பார்வைக்குத் தீவாகவே தெரியாது. அங்கே தீவு ஊருக்குள் கரைந்துவிட்டது. இங்கே மண் விழாமலே தீவு தண்ணீருக்குள் கரைகிறது.

ஜான் மன்றோ வந்த நேரமும் சாதாரண நேரம் இல்லை. 1809 ஜனவரியில் துருத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குண்டறையில் நின்றுதான் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக எழச் சொல்லிப் பிரகடனம் செய்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்துக்காரர். அவர் கதை அந்த வருஷமே முடிந்தது. அடுத்த வருஷம் மன்றோ வந்தார். அவர் காலத்தில் வாய்க்கால் வெட்டிக் காடு திருத்திக் குடியேற்றம் நடந்தது என்கிறார்கள். கோட்டயத்தில் அப்போது தொடங்கிய, பாதிரியார்களைப் படிக்கவைக்கிற செமினாரியின் செலவுக்காகத் திருவிதாங்கூர் அரசு இந்தத் துருத்தை மானியமாகக் கொடுக்க, அதற்கு வழிசெய்தவர் பேரையே ஊருக்கு வைத்தார்கள். 1930-இல் ராணி சேது லட்சுமி பாய் காலத்தில் அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இதெல்லாம் உங்கள் டூரிஸம் பலகையிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். வெள்ளைக்காரன் பேர், ராணி பேர், வருஷம். மண் எங்கிருந்து வந்தது என்று எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. ஊரின் சரித்திரம் என்றால் முதல் வரியே அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, எனக்கும் துருத்துக்கும் என்ன சம்பந்தம்? மண் ஏற்றிக்கொண்டு போகிறவன் நான்.

முதல் லோடு கொண்டுபோனது பதினாலு பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம். புனலூர்ப் பக்கம் ஒரு குன்றைச் சரித்து வீட்டுமனை போட்டுக்கொண்டிருந்தார்கள், பாஸ் வாங்கிய செம்மண். குண்டறை தாண்டி, கிழக்கே கல்லடை வழியாக, பாலம் ஏறித் துருத்துக்குள் இறங்கினால் மெயின் ரோடு வரைக்கும்தான் டிப்பர் போகும். அங்கே கொட்டிவிட்டால், மீதியை வள்ளத்தில் ஏற்றியோ தலையில் சுமந்தோ உள்ளே கொண்டுபோக வேண்டும். யாருக்கு மண், எதற்கு மண் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. காசு எண்ணி வாங்கும்போது அந்த வீட்டுச் சேச்சி, "சாயா குடிச்சிட்டுப் போ மோனே" என்றார்கள், கூடவே நடந்து போனேன்.

வீட்டு வாசலில் மூன்று படி. அதில் இரண்டு படி மண்ணுக்குள், மேல்படி மட்டும் வெளியே. உள்ளே போனால் தரையில் தண்ணீர், கணுக்கால் அளவு, சுத்தமான கண்ணாடி மாதிரித் தண்ணீர், அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. வெள்ளம் என்றால் கலங்கி இருக்கும், வாசல் வழியாக வரும். இது தரையிலிருந்தே ஊறி வந்தது. சிமெண்ட் விரிசலில் சின்னச் சின்னக் கொப்புளமாக வந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் வெட்டுக்கல். ஃபிரிட்ஜ் பெஞ்சு மேலே. சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு முழுக்க உப்புப் பூத்து மாவு மாதிரி உதிர்ந்தது, கை வைத்தால் கையோடு வந்தது. அந்த வீட்டுப் பெண்குழந்தை யூனிஃபார்மோடு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து ரோட்டுக்குப் போய், அங்கே பாலக்கட்டையில் உட்கார்ந்து கால் துடைத்து ஷூ போட்டுக்கொண்டாள். தினமும் அப்படித்தானாம். கடலோடு சேர்ந்து காயல் தண்ணீர் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும், வேலியேற்றம் என்கிறார்கள், நம் பழைய தமிழில் ஓதம். அமாவாசை பௌர்ணமிக்குக் கூடுதல், விருச்சிக மாதத்திலிருந்து, அதாவது நம் கார்த்திகையிலிருந்து, ரொம்பக் கூடுதல். கக்கூஸ் நிறைந்துவிடும் என்பதால் ஓதக் கணக்குப் பார்த்துத்தான் போக முடியும் என்று சேச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வீட்டுக்கே இதுவரை நாலு தடவை மண் கொட்டியிருக்கிறேன். இரண்டு வருஷம் முன்பு கக்கூஸுக்கு உறை இறக்கக் குழி வெட்டினார்கள், நானும் கூட நின்றேன். குழியின் பக்கச் சுவரைப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே ஒரு முழம் செம்மண், அது போன தடவை கொட்டியது. அதற்குக் கீழே நாலு விரல் கறுப்பு. அதற்குக் கீழே மறுபடியும் செம்மண், அதற்கு முந்தைய லோடு. கடைசியில் பார்த்தால், முதல் தடவை நான் கொண்டுவந்த மண் இடுப்புக்குக் கீழே தண்ணீருக்குள் கிடக்கிறது, அதற்கும் கீழே மெத்து மெத்தென்று நீலம் பாய்ந்த கறுப்புச் சேறு, கம்பியை விட்டால் போய்க்கொண்டே இருக்கிறது. நான் வாங்கிய வாடகை எல்லாம் எங்கே போனது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அடியில் இருப்பது மெத்தை. மேலே நான் கொட்டுவது கல்லும் செம்மண்ணும், நல்ல கனம். கனம் ஏற ஏற மெத்தை அமுங்கும். நாலு வருஷம் நிம்மதி, அப்புறம் பழையபடி.

இதை அங்கே மீன் பிடிக்க வரும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார்தான் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். வண்டல் நிலம் எதுவானாலும் தன் கனத்தாலேயே உள்ளுக்குள் இறுகி இறுகிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும், அது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. துருத்து உண்டான நாளிலிருந்தே தாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு இடவப்பாதி மழைக்கும், அதாவது தென்மேற்குப் பருவமழைக்கும், ஆறு மேலே ஒரு விரற்கடை புதுச் சேற்றைப் பூசிவிட்டுப் போகும். இறங்கின கணக்கும் ஏறின கணக்கும் சரியாகிவிடும். அதோடு மழைவெள்ளம் உப்பைக் காயலுக்குத் தள்ளிவிடும், தென்னைக்கு அது போதும். பூசுகிறவன் வராமல் போய்விட்டால்? இறங்குவது மட்டும் நிற்காது.

பூசுகிறவன் ஏன் வரவில்லை என்பது எனக்குப் பிறந்த வீட்டு விஷயம். தென்மலையில் பரப்பாறு அணை, வேலை தொடங்கியது 1961, திறந்தது 1986. கேரளத்திலேயே பெரிய பாசனத் திட்டம். மூன்று ஆறும் சேர்ந்து வருகிற இடத்தில் குறுக்கே 335 மீட்டருக்குச் சுவர். தண்ணீர் தேங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துக் காட்டக் கூட்டிப்போனார். மரத்தின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. "இனி ஆத்துல வெள்ளம் வராதுடா, பயமில்ல" என்றார். அப்பா சொன்னது சரி. வெள்ளம் குறைந்தது. வெள்ளத்தோடு வர வேண்டியதும் குறைந்தது. மழைக்காலத்தில் குளத்துப்புழை ஆற்றைப் பாருங்கள், சாஸ்தா கோயில் படிக்கட்டில் பொரி போட்டால் மீனே தெரியாத அளவுக்குச் செங்கலங்கலாக ஓடும். அதே தண்ணீர் அணைக்குப் போய் நின்று, தெளிந்து, மண்ணைக் கீழே போட்டுவிட்டு, பச்சைத் தண்ணீராக வெளியே வருகிறது. கீழே ஒற்றைக்கல் என்கிற ஊரில் தடுத்து இரண்டு பக்கமும் கால்வாயில் திருப்புகிறீர்கள், கொல்லம், பத்தனம்திட்டை, ஆலப்புழை மூன்று மாவட்டத்துக்கும் போகிறது. ஆக 1986 முதல் எங்கள் மலையின் மண் அணையின் அடியில் ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரிக் கிடக்கிறது. வட்டி கட்டுவது துருத்துக்காரர்கள்.

அணையை இடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். என் மைத்துனன் வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் அந்தக் கால்வாயில்தான் வருகிறது.

வேறு காரணமே இல்லை என்றும் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம்தான் தண்ணீர் இப்படி ஏறத் தொடங்கியது என்று துருத்தில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் சொல்வார்கள், அவர்கள் கண்ணால் கண்டது, நான் மறுக்கவில்லை. கடல் மட்டம் ஏறுகிறது என்கிறார்கள், அதுவும் உண்மைதான், உலகம் முழுக்க ஏறுகிறது. சிலர் ரயில் அதிர்ச்சி என்கிறார்கள். தண்டவாளத்தை ஒட்டி இருக்கும் வீட்டில் விரிசலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஆனால் அந்தப் பாதையில் ரயில் 1958-லிருந்து ஓடுகிறது. (வெளியூரில் மன்றோ துருத்து என்றால் தெரியாது, பெருமண் என்றால் தெரியும். 1988 ஜூலை 8, பெங்களூரிலிருந்து வந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ் துருத்து ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெருமண் பாலத்திலிருந்து காயலில் விழுந்து 105 பேர் செத்தார்கள். அந்த வண்டிக்கு ஐலண்ட் என்று பேர் வந்தது கொச்சி வெலிங்டன் தீவை வைத்து, இந்தத் தீவை வைத்து இல்லை.) சுனாமிதான் காரணம், கடல்தான் காரணம் என்று எழுதினால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, யாரும் எந்த ஃபைலையும் திறக்க வேண்டாம். கடலுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. அணைக்குப் பூட்டுச் சாவி உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு குற்றத்தை நானே ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். டிரைவரான புதிதில் நான் ஏற்றியது செம்மண் இல்லை, ஆற்று மணல். ராத்திரி பதினோரு மணிக்குக் குன்னத்தூர்ப் பக்கம் கடவில் வண்டியை நிறுத்தினால் வள்ளத்தில் முங்கி முங்கி வாளியால் அள்ளிப் போடுவார்கள், விடிவதற்குள் மூன்று டிரிப். கேரளத்தில் மணல் எடுப்பதற்குச் சட்டம் வந்தது 2001-இல், அதற்கு முன்னும் எடுத்தோம், பின்னும் எடுத்தோம். மேலே அணை வழியை மறித்தது, கீழே மிச்சம் இருந்ததை நாங்கள் அள்ளினோம். ஆற்றின் அடி பள்ளமாக, உப்பு மேலே ஏறி வந்தது. பக்கத்துச் சாஸ்தாங்கோட்டை ஏரி, கொல்லம் நகரம் குடிப்பதற்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரி, அது வற்றியதற்கும் எங்கள் மணல் வேலையைத்தான் காரணம் சொல்கிறார்கள். அந்தக் காசில்தான் வீட்டுக்கு மேல்கூரை போட்டேன். இதை எழுதும்போது அந்தக் கூரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷம் சேச்சி ஒரு மனு எழுதி, நீ வண்டிக்காரன், நாலு ஆபீஸ் தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு ஆபீஸுக்கு வந்தார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை, அங்கே இருந்தவர் கெட்டவரும் இல்லை. மனுவை வாசித்துவிட்டு, "அணையில் இருக்கிற மண் எங்கள் ஃபைல் இல்லை" என்றார். அந்த ஃபைல் இருக்கும் இடத்துக்குப் போனோம். "துருத்து எங்கள் ஏரியா இல்லை" என்றார்கள். சேச்சி வெளியே வந்து படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்தார்கள், விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப் புண்ணாகி இருந்தது. ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் குண்டறை வரைக்கும் பேசவில்லை.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. முதலில் அணையின் அடியில் எவ்வளவு மண் கிடக்கிறது என்று அளந்து, அந்தக் கணக்கைத் துருத்துப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் மலையாளத்திலும், எங்கள் குளத்துப்புழையில் தமிழிலும் ஒட்டுங்கள். அளந்திருந்தால் அதை ஒட்டுங்கள். அப்புறம் அந்த மண்ணில் துருத்துக்கு ஒரு பங்கு. தமிழ்நாட்டில் ஏரி குளத்து வண்டலை விவசாயியும் மண்பாண்டம் செய்கிறவரும் தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்து இலவசமாக அள்ளிக்கொள்ளலாம், என் மாமனார் புளியரையில் அப்படித்தான் வயலுக்கு அடித்தார். கேரளத்திலும் பாலக்காட்டு மங்கலம் அணையில் வண்டல் எடுக்கும் வேலையைத் தொடங்கினீர்கள். அங்கே தொடங்க முடிந்தது இங்கே ஏன் முடியாது? அங்கே எடுத்து விற்கிற யோசனை. இங்கே விற்க வேண்டாம், சொந்தக்காரனுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

பரப்பாறு நீர்த்தேக்கம் செந்துருணி வன உயிரின சரணாலயத்துக்குள் வருகிறது, காட்டுக்குள் ஜேசிபி விட முடியாது என்று சொல்வீர்கள் என்று தெரியும். 1984-இல் அறிவித்த சரணாலயம், செந்துருணி மரம் எங்கள் பக்கத்து மலையை விட்டால் வேறெங்கும் அதிகம் கிடையாது, அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். எனக்கும் ஜேசிபி ஆசை இல்லை. ஆனால் மழைக்காலத்தில் முதல் இரண்டு வெள்ளம் கலங்கலாக வரும்போது அதைத் தெளியவிடாமல், அடி மதகு வழியாக அப்படியே ஆற்றில் விட முடியுமா என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஒரு வாரம், பத்து நாள். லாரி வேண்டாம், டீசல் வேண்டாம், என் வாடகை வேண்டாம். ஆறே கொண்டுபோய், நான் கொட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் குவிக்காமல், விரற்கடை விரற்கடையாகப் பூசும். புனலூரில் கரையோரத்துக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், குடிதண்ணீர்க் குழாய்க்காரருக்குச் சிரமம், எல்லாம் சரிதான். அதைப் பேசத்தான் ஒரே மேசை கேட்கிறேன். முடியாது என்று எஞ்சினியர் கணக்கோடு எழுதிக் கொடுத்தால் அதையும் வாங்கிக்கொள்வேன்.

டூரிஸம் சார்மார்களுக்குத் தனியாக ஒன்று. காலையில் வள்ளத்தில் உட்காரவைத்து, சின்ன வாய்க்காலில் கொண்டுபோய், தாழை மரமும் இறால் வளர்க்கிற கட்டும் காட்டி, கயிறு திரிக்கிற பாட்டி முன்னால் போட்டோ எடுக்கவைக்கிறீர்கள். நல்லது, நாலு காசு வருகிறது, துடுப்புத் துழாவுகிற பையன்களுக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் தலை கருகிய தென்னைமரம் தண்ணீரில் நிற்பதையும், ஆள் விட்டுப்போன வீட்டின் ஜன்னல் மட்டும் தெரிவதையும் "அழகான காட்சி" என்று சொல்லிக் காட்டுவதை நானே கேட்டேன். என் வண்டியில் வந்த ஒரு பையன், கிளீனர், தேனிக்காரன், அந்த வீட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கும் வரி கட்டுவாங்களா?" என்றான். உங்கள் படகோட்டி அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கட்டும், அதோடு இந்த மண் தென்மலையிலிருந்து வந்தது, இப்போது வருவதில்லை என்று ஒரு வரியும்.

இந்தக் கார்த்திகைக்கும் சேச்சி இரண்டு லோடு சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்குழந்தைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும் அன்று முற்றத்தில் தண்ணீர் நிற்கக் கூடாதாம். ஓத அட்டவணை பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள், ஜோசியர் பிறகுதான். நான் கொண்டுபோவேன், வேறு வழி இல்லை. அது அமுங்கும் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

உங்களில் யாருக்காவது அணை, ஆறு, துருத்து மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றால், சித்திரைக் கடைசியில் வாருங்கள். பாசனம் முடிந்து பரப்பாற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும், ஓரத்தில் வெடித்துக் கிடக்கிற வண்டலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு அங்கே கிளம்பினால், புனலூரில் சாயா குடித்துவிட்டு, மதியத்துக்குள் துருத்துக்குப் போய்விடலாம். கேபினில் மூன்று பேர் உட்கார இடம் இருக்கிறது, ஆற்றுக்கு ஒருவர், அணைக்கு ஒருவர், தீவுக்கு ஒருவர். டீசல் என் செலவு.

இப்படிக்கு,
குளத்துப்புழை டிப்பர் டிரைவர் ஒருவன்